பற்றரி தீர்ந்தால் ராச்சியமும் தீரும்: 'வோர்ஸார்ட்' என்றொரு விளையாட்டின் வரலாறு

சிங்கத் தலையோடு ஒரு அரசன். கையில் பெரிய வாளும் கேடயமும். அவனுக்கு எதிரில், திரையின் பெரும்பகுதியை அடைத்துக்கொண்டு நிற்கும் ஒரு டைனோசோர். அரசன் அதை வெட்டி வீழ்த்தினால் அனுபவப் புள்ளிகள் கிடைக்கும், அவனுடைய லெவல் ஏறும், நேற்று வரை தெரியாத ஒரு வாள்வீச்சு இன்றைக்கு அவனுக்குக் கைவரும். 1996 இல் யப்பானின் கப்கொம் நிறுவனம் ஆர்கேட் நிலையங்களுக்கென்று வெளியிட்ட 'வோர்ஸார்ட்' இப்படித்தான் தொடங்குகிறது. யப்பானுக்கு வெளியில் அதன் பெயர் 'ரெட் ஏர்த்'.

'ஸ்ட்ரீட் ஃபைட்டர்' எண்டால் எங்களில் கனபேருக்குத் தெரியும். விளையாடாத ஆக்களுக்குக்கூட ரியூவின் முகம் தெரியும். அதே கொம்பனி செய்த இந்தச் சிங்க அரசனைக் கேள்விப்பட்டவர்கள் மிகக் குறைவு. விளையாட்டு மோசம் என்பதால் இப்படி ஆகவில்லை. வெளிவந்த நாளிலிருந்து 26 வருசமாக அது எந்த வீட்டுக் கருவிக்கும் வரவில்லை. ஆர்கேட்டில் இருந்த இயந்திரங்களும் ஒவ்வொன்றாக ஊமையாகிப் போயின. பழுதாகி ஊமையாகிறது சாதாரணம். ஆனால் இவை ஊமையாகும்படிதான் கட்டப்பட்டிருந்தன.

அது எப்படி நடந்தது, பிறகு அந்த விளையாட்டு எப்படித் திரும்பி வந்தது என்பதைத்தான் இந்தக் கட்டுரையில் பார்க்கப்போகிறோம். பழைய கேம் ஒன்றின் கதைதான். ஆனால், ஒரு படைப்பின் நினைவை யார் வைத்திருக்க வேண்டும் என்ற கேள்வி அதற்குள்ளே இருக்கிறது. அந்தக் கேள்வி இன்றைக்கு எங்கட போனுக்குள்ளேயும் இருக்கிறது.

இரண்டு மணிக்கூடுகள்

வோர்ஸார்ட் எவ்வளவு விசித்திரமான முயற்சி என்று விளங்க, முதலில் இரண்டு குடும்பங்களைத் தெரிந்திருக்க வேண்டும்.

முதலாவது, பாத்திரமேற்று ஆடும் விளையாட்டு. சுருக்கமாக ஆர்பிஜி என்பார்கள். அதன் வேர் கணினியில் இல்லை, மேசையில் இருக்கிறது. 1974 இல் அமெரிக்காவில் கரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் 'டன்ஜன்ஸ் அண்ட் ட்ராகன்ஸ்' என்ற விளையாட்டை வெளியிட்டார்கள். கடதாசி, பென்சில், பகடை, நாலைந்து நண்பர்கள், இவ்வளவும் போதும். நீங்கள் ஒரு மந்திரவாதியாகவோ போர்வீரனாகவோ ஆகி, கிழமைக்குக் கிழமை கூடி, ஒரே கதையை மாதக்கணக்கில் வளர்க்கலாம். உங்களுடைய பாத்திரம் மெல்ல மெல்லப் பலம் பெறும். 1986 இல் யப்பானில் 'ட்ராகன் குவெஸ்ட்' இந்த முறையை நின்டெண்டோவின் ஃபமிகொம் கருவிக்கு எளிமையாக்கிக் கொண்டுவந்தது. வீட்டுத் தொலைக்காட்சிக்கு முன்னால் இருந்து பல நாள் ஆடி முடிக்கிற வகை அது.

இரண்டாவது, சண்டை விளையாட்டு. இரண்டு பேர் எதிரெதிரே நிற்பார்கள், இரண்டு உயிர்க்கோடுகள் இருக்கும், ஒருவர் விழ ஆட்டம் முடியும். 1991 இல் வந்த 'ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2' இந்த வகையை உலகம் முழுக்கப் பரப்பியது. அதன் வீடு ஆர்கேட். காசைப் போடு, ஆடு, தோற்றால் எழும்பு, பின்னால் நிற்கிறவருக்கு இடம் விடு. யப்பானில் ஒரு ஆட்டத்துக்கு வழக்கமாக ஒரு 100 யென் நாணயம்.

இந்த இரண்டு குடும்பத்துக்கும் மணிக்கூடு வேறு. ஆர்பிஜி உங்களை இருக்கச் சொல்லும். ஆர்கேட் உங்களை எழும்பச் சொல்லும். ஆர்பிஜியில் நீங்கள் இருந்த நேரம் வீண்போகாது, போன கிழமை சேர்த்த பலம் இந்தக் கிழமையும் இருக்கும். ஆர்கேட்டில் திரை அணைந்ததும் எல்லாம் பூச்சியம். நேற்று எவ்வளவு தூரம் போயிருந்தாலும் இன்றைக்கு நீங்கள் முதலில் இருந்துதான் தொடங்க வேண்டும். உங்களோடு வீட்டுக்கு வருவது உங்கள் விரல்கள் பழகிய பழக்கம் மட்டும்தான்.

கடைக்காரரின் பக்கத்திலிருந்து யோசிச்சுப் பாருங்கோ. மூன்று நிமிசத்துக்கு ஒருக்கா ஆள் மாறினால்தான் பெட்டியில் காசு சேரும். 40 மணித்தியாலம் ஓடுகிற ஒரு சாகசக் கதையை அவர் என்ன செய்வார்?

கப்கொம் கட்டிய பாலம்

இந்த இரண்டையும் சேர்க்கும் ஆசை கப்கொமுக்கு 1996 க்கு முன்பே இருந்தது. 1990 இல் 'மஜிக் சோர்ட்' வந்தது. ஒரு கோபுரத்தின் உச்சி வரை ஏறுகிற போர்வீரன், வழியில் சிறைப்பட்டவர்களை மீட்டுத் துணைக்குச் சேர்க்கிறான். 1991 இல் 'தி கிங் ஒஃப் ட்ராகன்ஸ்'. அதில் எல்ஃப், மந்திரவாதி, போர்வீரன், மதகுரு, குள்ளன் என்று ஐந்து பேரில் ஒருவரைத் தெரிவுசெய்யலாம். புள்ளிகள் சேரச் சேர லெவல் ஏறும். அதே வருசம் 'நைட்ஸ் ஒஃப் த ரவுண்ட்'. ஆர்தர் மன்னனின் கதையை எடுத்துக்கொண்ட அந்த விளையாட்டில், லெவல் ஏறும்போது வீரனின் கவசமும் தோற்றமும் மாறும். வளர்ச்சி எண்ணில் மட்டும் இல்லாமல் கண்ணுக்கும் தெரிந்தது.

பிறகு, மேசை விளையாட்டின் பெயரையே உரிமம் வாங்கிப் பயன்படுத்தி, 'டன்ஜன்ஸ் அண்ட் ட்ராகன்ஸ்' தொடரில் இரண்டு ஆர்கேட் விளையாட்டுகள். இரண்டாவதான 'ஷடோ ஓவர் மிஸ்டாரா' 1996 இல் வந்தது. நாலு பேர் ஒரே நேரத்தில் நின்று ஆடலாம். மந்திரங்கள் இருந்தன, பொருட்கள் சேர்க்கலாம், பாதை பிரியும் இடங்களில் எந்தப் பக்கம் போவதென்று ஆடுகிறவர்களே முடிவு செய்யலாம்.

ஆனால் இவை எல்லாவற்றுக்கும் ஒரு எல்லை இருந்தது. ஒரே இருப்பில் முடிக்க வேண்டும். நீங்கள் வளர்த்த மந்திரவாதி, நீங்கள் எழும்பிப் போனதும் செத்துவிடுவார். மேசை விளையாட்டின் உயிரே 'அடுத்த கிழமை தொடருவம்' என்பதில்தான் இருந்தது. இந்த விளையாட்டுகள் அந்தத் தொடர்ச்சியை ஆர்கேட்டுக்குள் கொண்டுவரவில்லை.

வோர்ஸார்ட் அந்த எல்லையைத் தாண்டப் பார்த்தது.

நாலு வீரர்களும் ஒரு துண்டுக் கடதாசியும்

மேலோட்டமாகப் பார்த்தால் அது ஒரு சண்டை விளையாட்டுத்தான். பக்கவாட்டுக் காட்சி, இரண்டு உயிர்க்கோடுகள், குத்து, உதை, தடுப்பு. ஆனால் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 முதலில் வந்தபோதே எட்டு வீரர்களைத் தந்தது. வோர்ஸார்ட் தந்தது நாலே பேர். சிங்க அரசன் லியோ, யப்பானியச் சாயல் கொண்ட நிஞ்சா கென்ஜி, மந்திரக்காரி டெஸ்ஸா, சீனச் சாயல் கொண்ட இளம் சண்டைக்காரி மாய்-லிங். யப்பானியப் பதிப்பில் லியோவைத் தவிர மற்ற மூவருக்கும் வேறு பெயர்கள்: முகுரோ, தபாசா, தாவோ.

நாலு பேர் போதுமென்று ஏன் விட்டார்கள்? உழைப்பு முழுக்க எதிரிகளில் போயிருக்கிறது. ஹவுசர் என்ற டைனோசோர், கடலுக்குள் வாழும் ஹைட்ரொன், பறவைப் பெண்ணான லாவியா, ஓனி வகை அரக்கனான கொங்கோ என்று ஒவ்வொரு எதிரியும் ஒவ்வொரு உலகம். சாதாரண சண்டை விளையாட்டில் எதிரியும் உங்களைப் போன்ற ஒரு ஆள்தான், உங்களுக்குள்ள நகர்வுகள்தான் அவருக்கும். இங்கே எதிரி ஒரு பூதம். அதன் உடம்பின் எந்தப் பக்கம் ஆபத்து, எப்போது மூச்சு விடும், எப்போது பாயும் என்று படிக்க வேண்டும். வேட்டைக்குப் போகிற மாதிரி. இரண்டு பேர் நேருக்கு நேர் மோதும் முறையும் இருந்தது. ஆனால் தனியாளாகப் போகிற பயணம்தான் விளையாட்டின் நெஞ்சு.

சண்டை முடிய அனுபவப் புள்ளிகள் கணக்கிடப்படும். லெவல் ஏற ஏற உயிர் கூடும், பலம் கூடும், புதிய நகர்வுகள் திறக்கும். உருண்டைகளைச் சேர்த்து வைத்து மந்திர வலிமையாகப் பயன்படுத்தலாம். கதைக்கு ஒன்றுக்கு மேற்பட்ட முடிவுகளும் இருந்தன.

இனி முக்கியமான விசயத்துக்கு வருவம். ஆட்டம் முடிந்ததும் திரையில் ஒரு கடவுச்சொல் தோன்றும். அதை எழுதிக்கொண்டு வீட்டுக்குப் போகலாம். நாளைக்கோ அடுத்த மாதமோ வந்து, காசு போட்டு, அந்த எழுத்துகளை உள்ளிட்டால் உங்கள் வீரர் விட்ட லெவலிலேயே எழும்புவார்.

இந்தக் கடவுச்சொல்லின் பொறிமுறை வடிவானது. இயந்திரம் உங்களைப் பற்றி எதையும் நினைவில் வைத்திருப்பதில்லை. உங்கள் லெவல் உள்ளிட்ட விபரங்கள் அந்த எழுத்துத் தொடருக்குள்ளேயே கணக்காக மடிக்கப்பட்டிருக்கும். இயந்திரம் அதை விரித்துப் படிக்கும், அவ்வளவுதான். ஆகவே ஒரு நகரத்தில் வாங்கிய கடவுச்சொல்லை இன்னொரு நகரத்தில் உள்ள இயந்திரத்திலும் போடலாம். வலையமைப்பு தேவையில்லை, கணக்குத் திறக்கத் தேவையில்லை. நினைவு முழுக்க உங்கள் சட்டைப் பையில்.

யப்பானியச் சிறுவர்களுக்கு இந்த முறை புதிதில்லை. முதலாவது ட்ராகன் குவெஸ்ட் இப்படித்தான் இயங்கியது. விளையாட்டை நிறுத்தும்போது 20 ஹிரகானா எழுத்துகள் கொண்ட ஒரு தொடரைத் தரும். அதற்குப் பெயர் 'உயிர்ப்பிக்கும் மந்திரம்'. 1987 இல் வந்த இரண்டாம் பாகத்தில் அது 52 எழுத்து வரை நீண்டது. ஒரு எழுத்தைப் பிழையாகப் பிரதி எடுத்தால் அவ்வளவு நாள் உழைப்பும் போச்சு. 1988 இல் மூன்றாம் பாகம் வந்தபோது விளையாட்டு அட்டைக்குள்ளேயே ஒரு சின்னப் பற்றரியை வைத்து, அதன் உதவியால் நினைவைச் சேமித்தார்கள். எழுதுகிற கரைச்சல் தீர்ந்தது. ஆனால் புதுக் கரைச்சல் வந்தது. பதிவு திடீரென்று அழிந்துபோகும். அழிந்துவிட்டதென்று ஒரு அனுதாபச் செய்தி வரும். அந்தச் செய்தியும் அதோடு வருகிற இசையும் அந்தத் தலைமுறைக்கு இன்றைக்கும் ஒரு கெட்ட கனவு.

கடதாசியில் இருந்தால் எழுத்துப் பிழைக்குப் பயம். பற்றரியில் இருந்தால் மின்சாரம் தீரும் என்ற பயம். வோர்ஸார்ட்டில் இந்த இரண்டும் ஒரே பெட்டிக்குள் சந்தித்தன. ஆடுகிறவரின் நினைவு கடதாசியில் இருந்தது. விளையாட்டின் உயிர் பற்றரியில் இருந்தது.

பூட்டின் கதை

அந்தப் பற்றரி அங்கே எப்படி வந்தது என்பதற்கு ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 இன் வெற்றிக்குப் போக வேண்டும்.

அந்த வெற்றியின் பின்னாலேயே கள்ளப் பிரதிகளும் வந்தன. சிலர் பிரதி எடுத்ததோடு நிற்கவில்லை, விளையாட்டையே மாற்றி விற்றார்கள். 'ரெயின்போ' என்று அழைக்கப்பட்ட திருத்திய பதிப்பில் வானத்தில் பறந்தபடி நெருப்புப் பந்து எறியலாம், சண்டை நடுவிலே ஆளை மாற்றலாம். ஆடுகிறவர்களுக்கு நல்ல பகிடி. கப்கொமுக்கு நட்டம்.

1993 இல் கப்கொம் சிபிஎஸ்-2 என்ற புதிய ஆர்கேட் வன்பொருளைக் கொண்டுவந்தது. விளையாட்டின் நிரல் சங்கேதமாக்கப்பட்டிருந்தது. அதை விரிக்கும் சாவி, பற்றரியால் உயிர்வாழும் ஒரு நினைவகத்தில் இருந்தது. சிப்பைப் பிரதி எடுத்தாலும் சாவி இல்லாமல் பயனில்லை. பாதுகாப்பு வேலை செய்தது. ஆனால் பற்றரி தீர்ந்தால் சாவி அழியும். சாவி அழிந்தால் காசு கொடுத்து வாங்கிய கடைக்காரரின் இயந்திரமும் எழும்பாது. ஆர்வலர்கள் இதற்கு வைத்த பெயர் 'தற்கொலைப் பற்றரி'.

வோர்ஸார்ட் அதற்கு அடுத்த தலைமுறையான சிபிஎஸ்-3 இன் முதல் விளையாட்டு. விளையாட்டுத் தரவுகள் சீடியில் வரும். இயந்திரம் அவற்றைத் தன் நினைவகத்துக்கு ஏற்றிக்கொள்ளும். அவற்றை விரித்துப் படிக்கும் சாவியோ தனியாக ஒரு பாதுகாப்பு அட்டைக்குள் இருக்கும். அந்தச் சாவியைக் காப்பதும் ஒரு பற்றரி. சீடி உங்களிடம் இருக்கலாம், இயந்திரம் உங்களிடம் இருக்கலாம். பற்றரி தீர்ந்த நாளில் உங்களிடம் இருப்பது ஒரு இரும்புப் பெட்டி மட்டும்.

கப்கொமை வில்லனாக்குவது சுலபம். ஆனால் நியாயமாகப் பார்க்க வேண்டும். வோர்ஸார்ட்டின் ஒவ்வொரு அசைவும் கையால் வரையப்பட்டது. ஹவுசரின் வால் ஒருக்கா அசைய எத்தனை படங்கள் வேண்டும்! அந்த ஓவியர்களின் உழைப்பை யாரோ திருடி விற்பதைத் தடுக்க நினைத்தது பிழையில்லை. பிரச்சினை வேறு இடத்தில். பூட்டுப் போட்டவர்கள், திறக்கிற சாவிக்கு ஆயுள் குறித்து வைத்தார்கள். ஆயுள் முடிந்த பிறகு என்ன செய்வதென்ற ஏற்பாட்டை விளையாட்டோடு சேர்த்து வைக்கவில்லை. ஆர்கேட் இயந்திரம் சில வருசம் உழைத்துவிட்டுப் போகிற பொருள், அடுத்ததை விற்கலாம் என்பது அந்தக் காலத் தொழிலின் கணக்கு. அதை ஒரு கலைப்படைப்பு என்று கருதிப் பத்து இருபது வருசம் முன்னே பார்த்துத் திட்டமிடும் வழக்கம் அங்கே இருக்கவில்லை.

காலம் பிழைத்த விளையாட்டு

வோர்ஸார்ட் வந்த வருசமும் அதற்கு வாய்க்கவில்லை. 1993 இல் சேகாவின் 'வேர்ச்சுவா ஃபைட்டர்', 1994 இல் நம்கோவின் 'டெக்கன்' என்று சண்டை விளையாட்டு முப்பரிமாணத்துக்கு மாறிக்கொண்டிருந்தது. 1994 இறுதியில் யப்பானில் சேகா சற்றர்னும் சொனி பிளேஸ்டேசனும் வந்து, ஆர்கேட்டுக்குப் போன கூட்டத்தின் ஒரு பங்கை வீட்டுக்குள் இழுத்தன. 1997 ஜனவரியில் 'ஃபைனல் ஃபன்ரசி 7' வந்தது. நீண்ட சாகசம் வேண்டுமென்பவர் மெமரி கார்டில் சேமித்தபடி வீட்டில் சாய்ந்திருந்து ஆடலாம். அவர் ஏன் கடைக்குப் போய்க் கடவுச்சொல் எழுதிக்கொண்டு நிற்கப்போகிறார்?

சண்டை விளையாட்டுக்காரருக்கோ ஆள் குறைவு, எதிரெதிர் மோதலில் ஆழம் குறைவு என்ற மனக்குறை. இரண்டு குடும்பத்தையும் சேர்க்கப் போன விளையாட்டு, இரண்டு வீட்டிலும் விருந்தாளியாகவே நின்றது.

சிபிஎஸ்-3 இல் மொத்தம் ஆறே விளையாட்டுகள் வந்தன. வோர்ஸார்ட் ஒன்று. 'ஸ்ட்ரீட் ஃபைட்டர் 3' இன் மூன்று பதிப்புகள். 'ஜோஜோ' தொடரின் இரண்டு. மற்ற ஐந்துக்கும் வீட்டுக் கருவிகளில் ஏதோ ஒரு வடிவம் கிடைத்தது. ஸ்ட்ரீட் ஃபைட்டர் 3 இன் கடைசிப் பதிப்பான 'தேர்ட் ஸ்ட்ரைக்' இன்றைக்கும் ஆடப்படுகிறது. 2004 இல் அமெரிக்காவில் நடந்த ஈவோ போட்டியில், உயிர்க்கோடு கிட்டத்தட்டத் தீர்ந்த நிலையில் டைகோ உமேஹாரா எதிராளி ஜஸ்டின் வோங்கின் உதைகளை ஒவ்வொன்றாகத் தட்டி விழுத்தி வென்ற காட்சியை நீங்களும் பார்த்திருப்பீங்கள். அது இதே வன்பொருளுக்குப் பிறந்த விளையாட்டுத்தான். அண்ணன் தம்பி மாதிரி ஒரே பெட்டியில் பிறந்து, ஒன்று புராணமாகியது, மற்றது பற்றரி தீரக் காத்துக்கிடந்தது.

அந்த இடைக்காலத்தில் வோர்ஸார்ட்டின் ஆட்கள் மற்ற விளையாட்டுகளில் தலை காட்டினார்கள். 1997 இல் 'பொக்கெட் ஃபைட்டர்' விளையாட்டில் டெஸ்ஸா வந்தாள். 2003 இல் எஸ்என்கே நிறுவனம் செய்த 'எஸ்விசி கேயொஸ்' விளையாட்டிலும் அவளே. 2004 இல் 'கப்கொம் ஃபைட்டிங் ஜாம்' விளையாட்டில் லியோ, கென்ஜி, ஹவுசர், ஹைட்ரொன் நாலு பேரும். ஊர் இல்லாமல் போனாலும் ஊர்க்காரர் அங்கங்கே இருந்தார்கள். அவர்களைப் பார்த்தவர்கள் 'இவை எந்த விளையாட்டு ஆக்கள்?' என்று தேடத் தொடங்கினார்கள். தேடிப் போனால் போட்டு ஆட விளையாட்டு இல்லை.

பூட்டை உடைத்தவர்கள்

1997 இல் இத்தாலியரான நிக்கொலா சல்மோரியா 'மேம்' என்ற திட்டத்தைத் தொடங்கினார். பழைய ஆர்கேட் வன்பொருள் எப்படி இயங்கியது என்பதை மென்பொருளாக எழுதிப் பதிவுசெய்வது அதன் வேலை. சரியாகப் பதிவு செய்தால் அந்த விளையாட்டு கணினியிலும் ஓடும். உலகம் முழுக்க இருந்த தன்னார்வலர்கள் சேர்ந்து இதை வளர்த்தார்கள். கூலி இல்லாத வேலை. பத்து வருசத்துக்குப் பிறகு, 2007 இல், சிபிஎஸ்-3 இன் சங்கேத முறையும் விடுவிக்கப்பட்டது. தெற்காசியாவின் ஒரு தீவில் இருக்கிற, ஒரு சிபிஎஸ்-3 இயந்திரத்தைக் கண்ணாலும் காணாத ஒருவர்கூட ஹவுசரின் வால் அசைவதைப் பார்க்கிற நிலை அதற்குப் பிறகுதான் வந்தது. பற்றரி தீர்ந்த பாதுகாப்பு அட்டைகளைத் திரும்ப உயிர்ப்பிக்கும் வழிகளையும் ஆர்வலர்கள் கண்டுபிடித்தார்கள்.

சட்டம் இதை எப்படிப் பார்க்கும் என்பது சிக்கலான விசயம். விளையாட்டின் உரிமை கப்கொமுடையது. அனுமதியில்லாமல் பிரதி பரப்புவது உரிமை மீறல்தான். அதை நாங்கள் மறைக்கப்போவதில்லை. ஆனால் வரலாற்றை எழுதும்போது ஒன்றைச் சொல்லாமல் விடவும் ஏலாது. 2007 க்கும் 2022 க்கும் இடையில் இந்த விளையாட்டை உயிரோடு வைத்திருந்தது கடைகளில் மிஞ்சிய சில இயந்திரங்களும், ஆர்வலர்களின் கணினிகளும்தான். கொம்பனி அதை விற்கவில்லை.

2022 ஜூன் 24 அன்று கப்கொம் 'கப்கொம் ஃபைட்டிங் கலெக்சன்' என்ற தொகுப்பை வெளியிட்டது. பத்து விளையாட்டுகள். அவற்றில் ஒன்று ரெட் ஏர்த். 26 வருசத்துக்குப் பிறகு முதல் தரமாக அது வீட்டுக் கருவிகளுக்கும் கணினிக்கும் முறைப்படி வந்தது. இப்போது எந்த இடத்திலும் நிறுத்திச் சேமிக்கலாம், இணையம் வழியாகத் தூரத்தில் உள்ளவரோடு மோதலாம். துண்டுக் கடதாசிக்கு வேலையில்லை. பேருக்கு மட்டும் தெரிந்த விளையாட்டைப் புதிய தலைமுறை ஒன்று கையில் எடுத்தது.

வோர்ஸார்ட் விட்டுப்போன கேள்வி

அதன் எண்ணம் தோற்கவில்லை என்பதும் இதற்குள் தெரிந்துவிட்டது. 2001 இல் சேகாவின் 'வேர்ச்சுவா ஃபைட்டர் 4' யப்பானிய ஆர்கேட்டுகளில் அட்டை ஒன்றையும் வலையமைப்பையும் கொண்டுவந்தது. உங்கள் வீரரின் தரவரிசையும் அணிகலன்களும் அட்டையோடு தொடர்புபட்டிருக்கும், கடைக்குக் கடை கொண்டுபோகலாம். கடவுச்சொல் செய்த வேலையை அட்டை செய்தது. கப்கொமின் டன்ஜன்ஸ் அண்ட் ட்ராகன்ஸ் விளையாட்டில் வேலை செய்த ஜோர்ஜ் கமிதானி, பிறகு வனிலாவெயார் நிறுவனத்தை நடத்தி 2013 இல் 'ட்ராகன்ஸ் க்ரவுன்' விளையாட்டைச் செய்தார். சண்டையும் சேமிப்பும் கொள்ளையும் வளர்ச்சியும் அதில் ஒரே உடம்பாயின. 2020 இல் 'க்ரான்ப்ளூ ஃபன்ரசி வேர்சஸ்' என்ற சண்டை விளையாட்டு தனக்குள்ளே ஒரு முழு ஆர்பிஜி முறையையே வைத்திருந்தது. லெவல் ஏறுகிற சண்டை வீரர் இன்றைக்கு எவருக்கும் புதினம் இல்லை.

ஆனால் பற்றரியின் பிரச்சினையும் தீரவில்லை. அது பெயரை மாற்றிக்கொண்டது. இன்றைக்கு அதன் பெயர் சேர்வர்.

அமெரிக்காவில் 2010 க்கு முன் வெளியான பழைய விளையாட்டுகளில் 87 வீதமானவற்றை இப்போது முறைப்படி வாங்க வழியில்லை என்று வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேசன் 2023 இல் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது. 2024 மார்ச் 31 அன்று யூபிசொஃப்ட் 'தி க்ரூ' என்ற காரோட்ட விளையாட்டின் சேர்வர்களை நிறுத்தியது. காசு கொடுத்து வாங்கியவர்களாலும் அதற்குப் பிறகு அதை ஆட முடியவில்லை. தனியாளாக ஆடுகிற பகுதியும் சேர்ந்து செத்தது. அதைத் தொடர்ந்து எழுந்த 'விளையாட்டுகளைக் கொல்வதை நிறுத்து' என்ற இயக்கத்தின் ஐரோப்பிய மனு 2025 இல் பத்து லட்சம் ஒப்பங்களைத் தாண்டியது. அவர்கள் கேட்பது அதிகமில்லை. சேர்வரை என்றென்றும் ஓட்டச் சொல்லவில்லை. மூடும்போது, வாங்கியவர் தன்பாட்டில் ஆடக்கூடிய ஒரு நிலையில் விட்டுவிட்டுப் போ என்கிறார்கள். பூட்டோடு சேர்த்து அதன் ஆயுள் முடிந்த பிறகு திறக்கும் வழியையும் வை என்கிறார்கள். 1996 இல் ஒருவரும் கேட்காத கேள்வி அது.

எங்கட பொடியள் போனில் ஆடுகிற விளையாட்டுகளை ஒருக்கா எடுத்துப் பாருங்கோ. ரேங்க், ஸ்கின், வருசக்கணக்காகச் சேர்த்த ஆயுதங்கள், காசு கட்டி வாங்கிய உடுப்புகள். இவற்றில் எது உங்கள் போனில் இருக்கிறது? அநேகமாக ஒன்றும் இல்லை. எல்லாம் வேறொரு நாட்டின் இயந்திரத்தில். அதன் பற்றரி எப்போது தீரும் என்று தீர்மானிப்பவர் நீங்கள் இல்லை. 1996 இல் ஒசாகாவிலோ டோக்கியோவிலோ கடவுச்சொல்லை எழுதிக்கொண்டு போன ஒரு மாணவன், இந்த ஒரு விசயத்தில், எங்களைவிடப் பாதுகாப்பான நிலையில் இருந்தான். இயந்திரம் செத்தாலும் அவனுடைய லெவல் அவனிடம்தான்.

அதற்காகப் போனைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. நாங்களும் ஆடுகிறோம். ஆனால் சில சின்ன வேலைகளை எங்களாலும் செய்யலாம். பிடித்த விளையாட்டைப் பற்றி எழுதி வைக்கலாம். ஆடுவதைப் பதிவுசெய்து சேமிக்கலாம். எந்த வருசம் என்ன இருந்தது, எப்படி ஆடினோம், என்ன சொற்களைப் பாவித்தோம் என்று தமிழில் குறித்து வைக்கலாம். மேம் திட்டத்தைத் தொடங்கியவர்களும் பெரிய நிறுவனத்தார் இல்லை. தங்களுக்குப் பிடித்த ஒன்று காணாமல் போகிறதே என்று பொறுக்காத சாதாரண ஆட்கள்.

தொகுப்பு கையில் கிடைத்தால் லியோவோடு தொடங்கிப் பாருங்கோ. முதல் தரம் ஹவுசர் உங்களை மிதித்துத் தள்ளும். இரண்டாம் தரமும் தள்ளும். மூன்றாம் தரம் லெவல் கொஞ்சம் ஏறியிருக்கும், விரலும் கொஞ்சம் பழகியிருக்கும்.